கல்யாணத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்

"அவருக்குக் காப்பியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை?"

இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்பவர் பிரெஞ்சு அதிகாரி. பதில் சொல்ல வேண்டியவள் எதிரே வேர்த்துக்கொண்டிருக்கும் கல்யாணப் பெண். நடுவில் மொழிபெயர்ப்பாளர் அஞ்சலாட்சி, அதாவது நான்.

"தெரிலயே மேடம். ஒரு வாட்டிதான் பாத்துருக்கேன். அன்னிக்கி அவரு தண்ணிதான் கேட்டாரு."

இதையும் அப்படியே பிரெஞ்சில் சொல்லுவேன். அதிகாரி என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை ஓர் இளம் அதிகாரி, "நீங்கள் எப்போது அவரை நேசிக்கத் தொடங்கினீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு, "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம்தாங்க" என்றாள். அந்த இளைஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு அனுமதியும் எழுதிக் கொடுத்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீடுகளைச் சொல்தா வீடு என்போம். அந்த வீட்டுப் பையன் பிரான்ஸில் வேலை பார்ப்பான், பெண் மட்டும் இங்கே எடுப்பார்கள். கல்யாணம் உண்மையானதா, விசாவுக்காகப் போடும் வேஷமா என்று பார்க்க, மாப்பிள்ளையைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்ட நேரத்தில் முடிவான கல்யாணங்களுக்கு அந்தக் கேள்விகள் பெரிய சோதனை. ஆனாலும் பெரும்பாலும் எல்லாரும் தேறிவிடுவார்கள். ஊர் வழக்கம் இது என்று அதிகாரிகளுக்கும் பழகிப்போயிருந்தது.

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையைச் செய்பவள்.

"அக்கா, நாளைக்கி ரெண்டு ஆம்பளைங்க கேஸ் வருது. கல்யாணத்துக்குத்தான். எப்டிக்கா பண்றது?"

"வாயால்தான் பண்ணணும். மத்த கேஸை எப்டிப் பண்றியோ அப்டி."

"நீங்க ஒண்ணு பண்ணீங்களாமே, கேள்விப்பட்டேன்."

பண்ணினேன். அதைத்தான் எழுதப்போகிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் எழுதச் சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் சாரத்துக்காரி. அப்பா மில் தொழிலாளி. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பிரெஞ்சு படித்தேன். மில் மூடியதும் வீட்டில் அடுப்பெரிய வேண்டியிருந்தது. முசியே சவரிநாதன் வைத்திருந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் தட்டச்சு செய்யப் போனேன். முசியே, அதாவது ஐயா, முன்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, மழையில்லாத நாளிலும் குடை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. போகிற இடத்தில் கொடுக்கும் காப்பியைக் குடிக்க மாட்டார். "குடித்தால் கொடுத்தவன் பக்கம் வாய் சாயும்" என்பார். நான் குடிப்பேன். எனக்கு வாய் சாயவில்லை, வயிறுதான் நிறைந்தது.

அவரிடம் நான் கற்றது மூன்று விதிகள். பேசுகிறவருக்கு அரையடி பின்னால் நிற்க வேண்டும். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், 'அவர் சொல்கிறார்' என்று இழுக்கக் கூடாது. என் சொந்த வாயால் ஏதாவது பேசித்தான் தீர வேண்டும் என்றால் மட்டும், 'மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொள்கிறார்' என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் போலச் சொல்ல வேண்டும். அதையும் வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்யக் கூடாது என்பார் முசியே. அவர் வாழ்நாளில் செய்ததே இல்லையாம்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. பிரெஞ்சு முறைப்படி நடக்கும் பதிவுக் கல்யாணத்தில் கூடத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். சட்டமே அப்படித்தான். ஊரில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம், தடை இருந்தால் சொல்லலாம். கல்யாணத்தை மறைவாகச் செய்யக் கூடாது. ஒரு ஐப்பசி மாதம், புயல் சின்னம் என்று ரேடியோ கத்திக்கொண்டிருந்த நாளில் ஒரு கல்யாணம். சாரல் நேராக உள்ளே அடித்தது. பெண்ணின் அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். முசியே மொழிபெயர்ப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய், இரண்டு கதவையும் விரியத் திறந்து, தன் குடையை ஒரு கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளையின் கோட்டு நனைந்தது, பெண்ணின் பூ நனைந்தது, எல்லாரும் நனைந்தோம். "நனைந்தால் காயும். சாத்தினால் செல்லாது" என்றார். அத்தை அவரை முறைத்த முறைப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிரான்ஸில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது முசியே தள்ளாடிப்போயிருந்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். பிரான்ஸிலேயே லட்சக்கணக்கில் கூடி அதற்கு எதிராக ஊர்வலம் போனார்கள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "கலிகாலம்" என்றார். மறுவாரம் போனால், கல்யாணத்தில் படிக்க வேண்டிய வாசகங்களைப் புதிதாகத் தமிழில் எழுதி வைத்திருந்தார். 'கணவன் மனைவி' இருந்த இடத்தில் 'வாழ்க்கைத் துணைவர்கள்' என்று இருந்தது.

"உங்களுக்குத்தான் பிடிக்கலியே முசியே?"

"எனக்கு பிடிக்குதான்னு யார் கேட்டா? வர்றவங்களுக்குத் தப்பில்லாத தமிழ் வேணும்."

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. அந்த வாசகங்கள் எனக்கு நெட்டுருவாகத் தெரியும். சொல்லத்தான் வருஷக்கணக்காக வாய்க்கவில்லை.

கலைச்செல்வி என்னிடம் சான்றிதழ்களை மொழிபெயர்க்க வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். வைத்திக்குப்பத்துப் பெண். அம்மா தனம் மீன் விற்பவர், அண்ணன் கடலுக்குப் போகிறவர். கலை ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை செய்தாள். கூட வந்தவள் ஜாக்குலின், சொல்தா வீட்டுப் பெண், நர்ஸ். இருவரும் மூலக்குளத்தில் வாடகை வீட்டில் எட்டு வருஷமாக ஒன்றாக வாழ்ந்தவர்கள். வீட்டுக்காரரிடம் பெரியம்மா பொண்ணு, சித்தி பொண்ணு என்று சொல்லிக் குடியேறியவர்கள். கலையின் அப்பா வழியில் கிறிஸ்தவச் சொந்தம் உண்டு என்று ஒரு கதையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காஸ் கொண்டுவருபவர், பால்காரர், எதிர்வீட்டு அம்மா என்று எல்லாருக்கும் அதே பதில்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அவர்கள் ஓர் உலைமூடி செய்து வைத்திருந்தார்கள்.

"இங்கயேதான் பண்ணிக்கலாம்னு இருந்தோம் அக்கா" என்றாள் ஜாக்குலின். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்த நாட்களில் இருவரும் பேக்கரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் லீவு போட்டுவிட்டு போனில் விசாரணையைப் பார்த்தார்களாம். இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று முன்பே சொன்ன நீதிமன்றம்தானே, இதையும் தந்துவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். தரவில்லை. திருமணம் என்பது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய காரியம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சோறாக்கவில்லை என்று கலை சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்க முயன்றாள்.

ஜாக்குலினுக்குப் பிரான்ஸில் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அந்த ஊர் மேரியில், அதாவது நகரமன்றத்தில், கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்தாள். இந்தியச் சட்டம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகளாக இருந்தால் அங்கே செய்துவைப்பார்கள். அதற்கு முன் கலையை இங்கே விசாரிக்க வேண்டும். விசாரணையில் தேறினால் இருவரும் சேர்ந்து போவார்கள். தேறாவிட்டால் ஜாக்குலின் மட்டும் போவாள். இங்கே கலையின் அண்ணன் ஏற்கெனவே கடலூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார்.

விசாரணையன்று காலை நான் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குப் போனபோது வாசலில் செக்யூரிட்டி ஏழுமலை கலையிடம் பேசிக்கொண்டிருந்தார். அவரும் வைத்திக்குப்பம்.

"இன்னா கலை, நீ எங்க இங்க?"

"பிரெண்டுக்குத் துணையா வந்தேன் மாமா."

கலையின் முகம் வெளுத்திருந்தது. நான் கேட்டும் கேட்காததுபோல உள்ளே போனேன்.

விசாரணை அறையில் நடுத்தர வயது மதாம் ஒருவர் அதிகாரி. நல்ல மனுஷி, ஆனால் சட்டப்படி நடப்பவர். அறையின் கதவைப் பாதி திறந்துவைப்பது அவர் வழக்கம், காற்றுக்காக. பிரெஞ்சில் பேசுகிறவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஏழுமலைக்குப் பிரெஞ்சு புரியாது. ஆனால் தமிழ் புரியும்.

முதலில் பெயர், ஊர், வேலை. நான் அரையடி பின்னால் நின்றேன். பிறகு மதாம் கேட்டார்: "ஜாக்குலின் உங்களுக்கு யார்?"

நான் தமிழில் கேட்டேன். கலை வாயைத் திறந்தாள். அவள் கண் கதவுப் பக்கம் போனது. எட்டு வருஷமாகக் காஸ்காரருக்கும் பால்காரருக்கும் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது:

"எங்க பெரியம்மா பொண்ணுங்க."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். அந்த அறையில் ஒரே ஒரு பொய் போதும், கல்யாணம் நின்றுவிடும். சொந்தக்காரி என்று ஒருமுறை எழுதிவிட்டால் விசாவுக்காகப் போட்ட வேஷம் என்றே முடிவாகும். ஆனால் நான் மாற்றிச் சொல்ல முடியாது. சத்தியம் செய்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவள். சொன்னேன். பிரெஞ்சில், அட்சரம் பிசகாமல்: "என் பெரியம்மாவின் மகள்."

மதாமின் புருவம் ஏறியது. முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார், கலையைப் பார்த்தார், பேனாவை எடுத்தார்.

நான் முசியேவை நினைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஒருமுறை என்றாரே, நான் முப்பது வருஷத்துப் பாக்கியை அன்றைக்கு எடுத்தேன். "மொழிபெயர்ப்பாளர் ஒன்று கேட்டுக்கொள்கிறார்" என்றேன். "கதவைச் சாத்தலாமா?"

ஏன் என்று மதாம் கேட்கவில்லை. கதவைப் பார்த்தார். அந்த இடைவெளியில் ஏழுமலையின் காக்கி முழங்கை தெரிந்தது. எழுந்து போய்ச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மறுபடி கேட்கிறேன். ஜாக்குலின் உங்களுக்கு யார்?"

கலை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் தலையாட்டவும் கூடாது, கண்ணைக் காட்டவும் கூடாது. சிலைபோல நின்றேன். உள்ளுக்குள் மட்டும், சொல்லுடீ, சொல்லுடீ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"வெளிய கேட்டா அப்படித்தாங்க சொல்லுவோம். சொல்லிச் சொல்லி அதுவே வந்துடுச்சி" என்றாள். "சொந்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்தவ. எனக்கு எல்லாமே அவதாங்க. அவளத்தான் கட்டிக்கப் போறேன்."

விதிப்படி நான் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். "எனக்கு எல்லாமே அவள்தான்" என்று பிரெஞ்சில் சொன்னேன். நூற்றுக்கணக்கான கல்யாணங்களுக்கு வாய் கொடுத்தவள், எனக்கென்று ஒன்று செய்துகொள்ளாதவள், இந்த வயதில் ஒரு பெண்ணின் காதலைச் சொல்ல நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். மதாம் எனக்குத் தண்ணீர் தள்ளிவைத்தார். குடித்தேன். முசியே மன்னிக்கட்டும்.

பிறகு வந்தது அந்தக் கேள்வி. "அவருக்குக் காப்பியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை?"

"காப்பியே ஆவாதுங்க அவளுக்கு, வயிறு எரியும். டீதான், சக்கர கம்மியா. அதுவும் நைட் டூட்டி முடிச்சி வந்தா குடிக்க மாட்டா, தூக்கம் போயிடும்பா. ரொட்டிய வுட்டுட்டு ஓரத்த மட்டும் பிச்சித் தின்னுவா, மீதிய நான்தான் தின்னணும். பல்லிய பாத்தா கட்டில் மேல ஏறிக்குவா. பேஷண்ட் யாராச்சும் செத்துப்போனா வந்து பேச மாட்டா. அப்ப நானும் பேச மாட்டேன், தலைக்கி எண்ண வச்சி வுடுவேன்."

நிறுத்தவே இல்லை. எட்டு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாததெல்லாம் கொட்டியது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். மதாம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "போதும், போதும்" என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். பிறகு, "இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு முதல்முறையாகப் பதில் கிடைத்திருக்கிறது" என்றார். அது கலைக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று தெரியாததால், அதையும் மொழிபெயர்த்துவிட்டேன்.

அனுமதி வந்தது. புறப்படுவதற்கு முன் கலை அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். அண்ணன் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். தனம் வாயே திறக்கவில்லை. கலை விமானம் ஏறிய அன்றும் பேசவில்லை.

நான் தனத்திடம்தான் மீன் வாங்குவேன். ஒருநாள் சங்கராவைச் செதில் சீவிக்கொண்டே கேட்டார்: "நீதான உள்ள இருந்த? எம் பொண்ணு இன்னா சொன்னா?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா. சத்தியம் பண்ணிருக்கேன். உங்க பொண்ணையே கேளுங்க."

"பெரிய சத்தியம்" என்று மீனைப் பையில் போட்டார். ஆனால் அன்று சாயங்காலம் கலைக்குப் போன் செய்திருக்கிறார்.

இந்த மாதிரிக் கல்யாணங்களுக்கான சட்டச் செய்திகளை இப்போதெல்லாம் நான் தேடிப் படிக்கிறேன். ஆசியாவில் தைவானில்தான் முதலில் வந்தது. நேபாளத்தில் நீதிமன்றம் சொல்லிப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பிறகு தாய்லாந்து. நமக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை. வேறு சில நாடுகளில் இருந்த கதவையும் சாத்துகிறார்கள், சிறை என்று கூடச் சட்டம் போடுகிறார்கள். கலையும் ஜாக்குலினும் அங்கே மனைவிகள், சென்னை விமான நிலையத்தில் இறங்கினால் சிநேகிதிகள். இதைப் படித்து எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் ஊர்வலம் போய் எதிர்த்த அதே பிரான்ஸில் இப்போது ஒரு குட்டி ஊர் மேயர் சாதாரணமாகச் செய்துவைக்கிறார். அதனால் எனக்கு நம்பிக்கையும் இருக்கிறது.

கல்யாணத்தன்று மத்தியானம் தனம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனில் காட்டப்போகிறார்கள், அவர்கள் பேசுவது புரியாது, வந்து சொல் என்று. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த ஒரே வேலை. குப்பத்து வீட்டில் சுவரில் சாய்த்து வைத்த போன். தனம் புதுப்புடவை கட்டியிருந்தார். ஆனால் தெருக்கதவு சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னலையும் சாத்தியிருந்தார். உள்ளே புழுங்கியது.

திரையில் ஒரு சிறிய கூடம். கலை மயில்கழுத்து நிறப் பட்டில், ஜாக்குலின் சந்தன நிறத்தில். மேயர் ஒரு வயதான மனிதர், தோளில் மூவர்ணப் பட்டை. தொடங்கப்போனவர் நிறுத்திவிட்டு யாரிடமோ ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு? எதனா பிரச்சினையா?" என்று தனம் என் கையைப் பிடித்தார்.

"கதவு சாத்தியிருக்கு, அதத் தொறங்கன்னு சொல்றாரு. கல்யாணம் நடக்கறப்ப கதவு தொறந்திருக்கணும். யார் வேணா வந்து பாக்கலாம். இல்லன்னா செல்லாது."

தனம் திரையைப் பார்த்தார். யாரோ போய் அந்தக் கூடத்துக் கதவுகளை விரித்தார்கள், வெளிச்சம் கலையின் முதுகில் விழுந்தது. அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

"அப்ப நம்ம கதவு?" என்றார் தனம்.

"சட்டம் அந்தக் கூடத்துக்குத்தாம்மா. இங்க சாத்தியிருந்தாலும் கல்யாணம் செல்லும்."

தனம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் திறந்து, காற்றில் சாத்தாமல் இருக்க மீன் கூடையை முட்டுக்கொடுத்தார். எதிர்வீட்டுச் சரசு வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னாக்கா, புதுப்பொடவ?"

"எம் பொண்ணுக்குக் கல்யாணம். வந்து பாரு."

சரசு உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். "மாப்ள எங்க?"

"மாப்ளயெல்லாம் இல்ல. ரெண்டும் பொண்ணுங்கதான். நிக்கறதுன்னா நில்லு, போறதுன்னா போ. அவங்க சொல்றது கேக்கல."

சரசு வாயைப் பிளந்தாள். போகவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேயர் வாசகங்களைப் படித்தார். வாழ்க்கைத் துணைவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பும் உண்மையும் உதவியும் ஆதரவும் தரக் கடமைப்பட்டவர்கள். முசியே எழுதிக் கொடுத்த தமிழை, அத்தனை வருஷம் வாய்க்காததை, அந்த வீட்டில் மீன் வாசனைக்கு நடுவில் சொன்னேன். தனம் ஒவ்வொன்றுக்கும் சரி என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு மேயர் கலையின் முழுப் பெயரைத் தப்பும் தவறுமாகப் படித்து, ஜாக்குலினைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"வுய்" என்றாள் கலை, நல்ல சத்தமாக.

'ஆமாம், சம்மதம்' என்று நான் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். தனம் என் வாயைக் கையால் பொத்தினார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இத நீ சொல்ல வாணாம். எனக்கே புரிஞ்சிது."